குடித்தனம் மாறிய பிறகும் எது நின்றது: வாடகை வீட்டுப் பராமரிப்பு அனுபவம்

வாடகைக்கு விடுவதற்கென்றே பழைய வீடுகளை வாங்கி, பழுது பார்த்து, பல வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். வேலை முடிந்த கையோடு படம் பிடித்தால் எந்த வீடும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று குடித்தனம் மாறிய பிறகு எது நின்றது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் குளியலறைத் தரை. வருமானத்தை அதிகம் தின்பது இதுதான். பலரும் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் ஒட்டினால் கசிவு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் சிமென்ட் கிரவுட் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கத்தான் செய்யும். அதைத் தடுப்பது அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சு. அது தரையோடு நின்றுவிடாமல் சுவரிலும் 150 மில்லிமீட்டராவது ஏற வேண்டும். ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. வடிகாலை நோக்கித் தரை வாட்டம் (சரிவு) மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளக் கூரையைப் பார்த்த பிறகே டைல்ஸ். 'அதெல்லாம் தேவையில்லை சார்' என்பார் மேஸ்திரி. தேவை. இப்படிச் செய்த குளியலறைகளில் இன்றுவரை கசிவு இல்லை.

முந்தைய உரிமையாளர் மேலோட்டமாகப் புதுப்பித்துவிட்டு விற்ற வீடு ஒன்று என்னிடம் உண்டு. குளியலறைக்குப் பின்சுவரில், படுக்கையறைப் பக்கம், முழங்கால் உயரத்துக்கு பெயின்ட் கொப்பளித்து, விரலால் தேய்த்தால் வெள்ளையாக உப்பு உதிர்ந்தது. சுரண்டி, பட்டி (சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) போட்டு பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்றார் பெயின்டர். சுவருக்குள் தண்ணீர் வந்துகொண்டிருக்கும் வரை உப்பும் அதோடு வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த பெயின்டும் அங்கே ஒட்டாது. கடைசியில் குளியலறைத் தரையைத்தான் உடைத்தோம்.

அதனால் இப்போதெல்லாம் வாங்கும் முன் மழைக்கு மறுநாள் போய்ப் பார்க்கிறேன். வீடு முழுக்கப் பழைய பெயின்ட், ஒரு மூலையில் மட்டும் புதுசு என்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் இன்னொரு தொல்லை. தரை வடிகாலுக்குக் கீழே குழாய் வளைவில் நிற்கும் சிறிதளவு தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கிறது. சில வாரங்களில் அது ஆவியாகிவிடும். பிறகு கரப்பான் பூச்சியும் நாற்றமும்தான். வீடு பார்க்க வருபவர் வாசலிலேயே மூக்கைச் சுளித்துத் திரும்பிவிடுவார். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது வெகுவாகக் குறையும். இவ்வளவு மலிவான பராமரிப்பு வேறு கிடையாது.

பொருள்களில், செராமிக் டிஸ்க் (தண்ணீரைத் திறந்து மூடும் பீங்கான் தட்டு) வைத்த குழாய்கள் நன்றாக உழைக்கின்றன. பொருத்தும் முன் பைப்பில் தண்ணீரைத் திறந்துவிட்டு மணலை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க்கில் கீறல் விழும். தரைக்கு விட்ரிஃபைட் டைல்ஸில் குறையே இல்லை, ஆனால் அதே பேட்ச்சில் ஒரு பெட்டி எடுத்து வையுங்கள். பின்னால் வாங்கினால் நிறம் பெரும்பாலும் ஒத்துப்போகாது. சிங்க்குக்கு அடியில் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வைக்காதீர்கள், ஊறி உப்பிவிடும். எல்லா வீட்டுக்கும் ஒரே நிறம், ஒரே வகை பெயின்ட் என்று வைத்துக்கொண்டது பெரிய நிம்மதி. குடித்தனம் மாறும்போது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவு மின் பிரேக்கரின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்த்துவிடுவேன்.

பணக் கணக்கு: வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால் அந்த வருட வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் போய்விடும். 5 சதவீதம் கூட்டிக் கேட்டதால் நல்ல குடித்தனக்காரர் காலி செய்து, ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால், அடுத்து வருபவர் தரும் அந்தக் கூடுதல் வாடகையால் இழப்பை ஈடுகட்ட 20 மாதம் ஆகும். நடுவில் பெயின்ட் செலவு தனி. ஒழுங்காக வாடகை தந்து, சின்னக் கசிவைக்கூட உடனே போன் செய்து சொல்கிறவருக்கு நான் வாடகையை ஏற்ற அவசரப்படுவதில்லை.

இன்னொன்று. சுவரைப் பூசி மூடும் முன், பைப்பும் வயரும் போகும் பாதையை டேப் வைத்து அளந்து, அளவு தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் மாட்ட வருபவர் துளை போடும் முன் அந்தப் படத்தைத்தான் கேட்பார்.