1,450 ரூபாய் கொடுத்து ஒரு பேய் வீடு வாங்கினேன்

எனக்குப் புத்தகம் விற்றவர்கள் நேற்று ராத்திரி என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் ‘போனால் போகட்டும்’ என்று நானே விட்டுவிடுவேன்.

மகளுக்குப் பதினைந்து வயது. பேய்க் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். பிறந்தநாளுக்கு அவள் கேட்டது ஒரே ஒரு ஆங்கில நாவல். அமெரிக்காவில் கடலோரம் ஒரு பழைய வீடு, கோடை விடுமுறைக்கு அங்கே போகிற நாலு பிள்ளைகள், மாடியில் பூட்டிக் கிடக்கும் அறை. இன்ஸ்டாகிராமில் புத்தகம் விற்கும் ஒரு பக்கத்தில் அதன் ‘ஸ்பெஷல் எடிஷன்’ இருந்தது. கெட்டி அட்டை, பக்க ஓரமெல்லாம் கறுப்புச் சாயம். விலை 1,450 ரூபாய்.

கடையில் சாதாரணப் பதிப்பு 399தான். தயங்கித்தான் மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிடத்தில் குரல் பதிவே வந்தது. “அக்கா, இதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் நான் லைட்டே அணைக்கல. பாப்பாவைத் தனியா படிக்க விடாதீங்க.” பின்னால் ஒரு குழந்தை அழுதது. “ஒரு நிமிஷம்க்கா” என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி பேசினாள். அந்த அழுகையில்தான் நான் விழுந்தேன். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே பிழைக்கிற பெண், இவளிடம் போய் என்ன பேரம் என்று மனசு இளகி உடனே ஜிபே பண்ணினேன். வந்த பில்லில் நூல் விலை 1,260, ஜிஎஸ்டி 63, கூரியர் 127 என்று கணக்கு சுத்தமாக இருந்தது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது என்பது எனக்கு நேற்றுதான் தெரியும்.

புத்தகம் வந்தது. கறுப்புச் சாயம் முதல் நாளே மகள் விரலில் ஒட்டி, தலையணை உறை வரைக்கும் போனது. சரி, அலங்காரம்தானே என்று விட்டேன். மூன்றாம் நாள் அவள் ஓடிவந்து, “அம்மா, சூப்பர்மா! அந்த வீட்டுல நேரம் பின்னால போகுது. கதவுக் குமிழைத் தொட்டாள், அடுத்த பக்கத்துல மறுபடி கிச்சன்ல தட்டு கழுவுறாள்” என்றாள். நானும் அடடா என்றேன். அரை மணி கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். 192ஆம் பக்கத்துக்கு அடுத்து மறுபடியும் 161. அது முடிந்ததும் நேராக 225. நடுவில் 32 பக்கம் காணோம். பூட்டிய அறைக்குள் என்ன இருந்தது என்பதே அந்த 32 பக்கத்தில்தான்.

சிவகாசியில் அச்சகத்தில் இருக்கும் என் அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். “பாரத்தை, அதாவது 32 பக்கக் கட்டை, மாத்தி அடுக்கிட்டாங்க. அது நல்ல பதிப்புலயும் நடக்கும், கேட்டா மாத்திக் கொடுப்பாங்க. ஆனா எழுத்தைப் பாரு, ஓரமெல்லாம் ஊறிப் போயிருக்கு. ஸ்கேன் எடுத்து அடிச்ச திருட்டுப் பிரதி” என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் நாள், “பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?” இல்லை என்றதும், “அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க.” ‘அக்கா’ காணாமல் போனதைக் கவனியுங்கள். இரண்டாம் நாள், “பதிப்பகத்தைக் கேளுங்க.” மூன்றாம் நாள் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: “ஹாரர் கதை அப்படித்தான் முன்ன பின்ன போகும் மேடம், அது ஸ்டைல்.” பக்க எண்ணுமா முன்ன பின்ன போகும்? அவர்கள் பதிவின் கீழே கேட்டேன், கமெண்டை அழித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், பிளாக். 1,450 ரூபாய்!

இன்று காலை ஒரு புத்தகக் கடைக்குப் போய், அந்த 32 பக்கத்தையும் மகள் நின்றபடியே படித்தாள். வெளியே வந்தவள், “பேயே இல்லம்மா. வீட்டை விக்கணும்னு மாமாதான் ராத்திரி ராத்திரி சுவரைத் தட்டியிருக்கார்” என்றாள். நல்ல பிரதியே வாங்கியிருந்தாலும் 399 தண்டம்தான். இருநூறு பக்கம் பயமுறுத்திவிட்டு இப்படி முடிக்கிற எழுத்தாளரிடம் தனியாக ஒரு பஞ்சாயத்து வைக்கவேண்டும்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. பணம் போடுவதற்கு முன் பதிப்புரிமைப் பக்கத்தையும் பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி போட்டால் ஓடிவிடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன்.

அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இப்போது அடுத்த முன்பதிவு ஓடுகிறது. தோழி போனில் பார்த்தேன். இந்த முறை 1,600.