ஹெட்போனில் இயல்பான ஒலி: ரெடிமேட் ப்ரீசெட்டா, சொந்தக் காதா?

எதிரே இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி தலையிலும் காதுமடலிலும் பட்டு, காதுக்குழாயில் ஒத்ததிர்ந்து, 3 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் பத்து டெசிபலுக்கும் மேல் உயர்ந்துதான் செவிப்பறையைச் சேர்கிறது. மூளைக்கு அதுதான் இயல்பு. காதை ஒட்டி உட்காரும் ஹெட்போன் இந்தப் பாதையை மாற்றிவிடுகிறது. அதை ஈக்வலைசரால் (சுருக்கமாக ஈக்யூ; அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) சரிக்கட்ட மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

முதலாவது, நிலையான பத்து அதிர்வெண்களுக்கு ஒவ்வொரு ஸ்லைடர் கொண்ட 10 பட்டை கிராஃபிக் ஈக்வலைசர். இதை விரைவில் தாண்டிவிடலாம். 4, 8, 16 கிலோஹெர்ட்ஸ் என்று அதன் பட்டைகள் இரட்டிப்பாகத் தாவுகின்றன. 'ஸ' ஒலியைக் குத்தலாக்கும் உச்சம் 6-ல் இருந்தால் அதை மட்டும் தொட வழியில்லை. 4-ஐயும் 8-ஐயும் இறக்கினால் குரலின் தெளிவும் கூடவே போகும். பாஸைக் கூட்டிக் குறைக்க மட்டும் போதும்.

அடுத்தது, ஹெட்போன் மாடல் வாரியாகத் திருத்தங்களைத் தரும் ஆட்டோஈக்யூ போன்ற தொகுப்புகளின் ப்ரீசெட், அதாவது முன்கூட்டியே கணக்கிட்ட ஈக்யூ அமைப்பு. செயற்கைக் காதில் அளந்த வளைவை ஹார்மன் டார்கெட் (கேட்பவர்களின் விருப்பத்தை ஆய்ந்து வகுத்த வளைவு) போன்ற இலக்குக்குப் பொருத்தியிருப்பார்கள். விண்டோஸ் மென்பொருளான ஈக்வலைசர் ஏபிஓ-வில் ஏற்ற ஐந்து நிமிடம் போதும். 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் நம்பலாம். மூக்குக்கண்ணாடியின் காம்பு பேடைத் தூக்கினால் மட்டும் பாஸ் கசியும். 5-க்கு மேலே நம்ப வேண்டாம். அங்கே அலைநீளம் ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவு. காதுமடலின் மடிப்புகளே வளைவை மாற்றிவிடும். அளவீட்டில் தெரிந்த பள்ளத்தை ப்ரீசெட் நிரப்பியிருக்கும். உங்கள் காதில் அந்தப் பள்ளமே இல்லையென்றால் அங்கே புதிய உச்சம் முளைக்கும்.

மூன்றாவது, அதிர்வெண்ணையும் அகலத்தையும் நாமே தேர்ந்தெடுக்கும் பாராமெட்ரிக் ஈக்வலைசரில் காதால் திருத்துவது. உழைப்பு அதிகம், பலனும் அதிகம். ஒலியளவைக் குறைத்து, 4 முதல் 12 கிலோஹெர்ட்ஸ் வரை சைன் ஒலியை (ஒற்றை அதிர்வெண் கொண்ட தூய ஒலி) மெதுவாக நகர்த்துங்கள். திடீரென்று துள்ளும் இடத்தில் க்யூ 4 (க்யூ கூடினால் திருத்தும் அகலம் குறுகும்), மைனஸ் 3 டெசிபல் என்று ஒரு ஃபில்டர் வைத்துத் தொடங்குங்கள். ஹெட்போனைக் கழற்றி மாட்டி மறுபடி கேளுங்கள். உச்சம் இடம் மாறினால் அந்த ஃபில்டர் வேண்டாம். குறுகிய பள்ளங்களை நிரப்பாதீர்கள், அவை மாட்டும் நிலையைப் பொறுத்தவை.

இங்கே பலரும் செய்யும் தவறு, எல்லா அதிர்வெண்ணும் ஒரே சத்தமாகக் கேட்கும்வரை தட்டையாக்குவது. 3 கிலோஹெர்ட்ஸைச் சுற்றிய அகன்ற மேடு இயற்கையிலேயே உண்டு. அதை வெட்டினால் குரல் போர்வைக்குள் போய்விடும். அதனால்தான் ஒலியியல் ஆய்வாளர் டேவிட் கிரீசிங்கரின் முறை, முகத்துக்கு நேரே ஒரு ஸ்பீக்கரை அளவுகோலாக வைக்கிறது: ஒவ்வொரு அதிர்வெண் பட்டையின் சத்தத்தையும் 500 ஹெர்ட்ஸுடன் ஒப்பிட்டு, முதலில் ஸ்பீக்கரிலும் பிறகு ஹெட்போனிலும் சமப்படுத்த வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் ஈக்யூ.

எங்கள் தேர்வு கலவைதான்: ப்ரீசெட்டில் 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஃபில்டர்களை வைத்துக்கொண்டு, மேலே உள்ளவற்றை நீக்கிக் காதால் போடுங்கள். மொத்த வளைவின் உச்சம் பிளஸ் 6 என்றால் ப்ரீஆம்ப் (ஈக்யூவில் மொத்த ஒலியளவுக்கான அமைப்பு) மைனஸ் 6. இல்லையென்றால் சிக்னல் வெட்டுப்படும். ஈக்யூ இல்லாத ஒலியையும் அதே சத்தத்துக்கு இறக்கிய பிறகே ஒப்பிடுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் நன்றாக இருப்பதுபோலவே கேட்கும்.