பசி சிரப்: மூணாம் நாள் பசி வந்தது, அஞ்சாம் நாள் வலிப்பு

ஒரு ஸ்டார்தான். கம்பெனி பேர் எழுதல, இதே கலவை நிறையப் பேர்ல விக்குது. வாங்குறவங்க அட்டைப்பெட்டியில பொடி எழுத்துல தேடுங்க: சைப்ரோஹெப்டடின். எங்க பாட்டில்ல 5 மில்லிக்கு 2 மில்லிகிராம், கூட ட்ரைகோலின் சிட்ரேட்ங்கிற இன்னொரு மருந்து 275 மில்லிகிராம்.

பையனுக்கு மூணு வயசு, பதினொன்றரை கிலோ. சோறே இறங்கலன்னு தெருமுனை மெடிக்கல்ல சொன்னேன். சீட்டு கேக்கல. முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கான்னும் கேக்கல. வந்திருக்கு, ஒன்றரை வயசுல, காய்ச்சலோட. நானும் சொல்லல. பசி டானிக்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சுட்டேன்.

பசி வந்தது, பொய் சொல்ல மாட்டேன். மூணாம் நாளே தட்டைத் தேடி வந்தான். மத்தியானமெல்லாம் தூங்கி வழிஞ்சான், உண்ட மயக்கம்னு விட்டுட்டோம். அஞ்சாம் நாள் நான் வேலைக்குப் போயிருந்தேன். அளவு மூடி எங்கயோ தொலைஞ்சுபோச்சு. அத்தை குழம்பு ஊத்துற ஸ்பூன்ல மூணு வேளையும் கொடுத்திருக்காங்க. பிறகு அளந்து பார்த்தேன், ஒரு ஸ்பூன் 15 மில்லி பிடிக்குது. மூணு வேளைக்கு 45 மில்லி, அதுல சைப்ரோஹெப்டடின் மட்டும் 18 மில்லிகிராம். ரெண்டுலேருந்து ஆறு வயசு வரைக்கும் ஒரு நாளோட உச்ச அளவே 12.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கண்ணு மேல சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. உடம்புல சூடே இல்ல. பக்கத்து வீட்டு அக்கா சாவிக்கொத்தைக் கையில திணிச்சாங்க. அது எதுக்கும் உதவாது. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதுவும் வைக்கக் கூடாது. அன்னைக்கு எங்க யாருக்குமே தெரியல.

ஆஸ்பத்திரியில பாட்டிலைக் காட்டினோம். "இது அலர்ஜி மருந்தும்மா, பசி எடுக்கிறதே இதோட பக்கவிளைவுதான். அளவு மீறினா சின்னப் பிள்ளைங்களுக்கு ஃபிட்ஸ் வரலாம், மூச்சே நின்னுபோகலாம். ஏற்கனவே ஃபிட்ஸ் வந்த பிள்ளைக்கு எங்களைக் கேக்காம கொடுக்கவே கூடாது"ன்னாங்க டாக்டரம்மா.

அத்தை ரெண்டு நாள் சாப்பிடல. அவங்க மேல எனக்குக் கோபமே இல்ல. லேபிள்ல ஒரு வரிகூடத் தமிழ் கிடையாது, அவங்க எதைப் படிப்பாங்க? விக்கிறவங்க வாயைத் திறந்து அளவைச் சொல்லியிருக்கணும், நான் கேட்டிருக்கணும்.

சோறு இறங்காததுக்குக் காரணம் பாலுதான். நாளுக்கு நாலு பாட்டில் குடிச்சிட்டிருந்தான், ரத்தத்துல இரும்புச்சத்தும் குறைச்சல். பாலை ரெண்டு டம்ளராக் குறைச்சு, டாக்டரம்மா எழுதின இரும்புச்சத்துச் சொட்டு கொடுக்கிறோம், அதுக்குன்னு வந்த டிராப்பர்லதான். இப்போ காலையில ஒரு இட்லி சாப்பிடுறான், சில நாள் ஒன்றரை.