கல்மரம் பார்க்க எங்கே போவது: அரிசோனாவா, பிஸ்டையா, திருவக்கரையா?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கிற தம்பிக்கு அமெரிக்க விசா கிடைத்துவிட்டது. அக்கா அரிசோனாவில் பீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறார். கையில் பத்து நாள் லீவு. "அண்ணை, அந்தக் கல்மரம் கிடக்கிற பாலைவனத்துக்கு நீங்கள் போனனீங்கள்தானே, அங்கே போகலாமோ?" என்று டச்சு பே கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டே கேட்டான். அவன் கேட்டது ஒரு இடத்தை. நான் மூன்றைச் சொல்லத் தொடங்கி இருட்டிவிட்டது. அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நம் ஊரில் கல்லாகிப்போன மரத்தைத் தேடிப் பயனில்லை. இலங்கையின் பெரும்பகுதி பூமிக்கடியில் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. உலகத்தில் மரம் என்று ஒன்று முளைக்கும் முன்பே உருவாகிவிட்ட பாறை அது. புத்தளம் பக்கம் தப்போவையில் ஜுராசிக் காலத்து இலைகளின் பதிவுகள் உண்டு, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பி உண்டு. கோணேசர் மலையைக் குடைந்தால் கல்தான் வரும்.

ஆக, கடல் தாண்டித்தான் போக வேண்டும். போகிறவர் எதைப் பார்க்கப் போகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கல்லான மரம் ஒன்று. அரிபட்டு வரிவரியாக நிறம் காட்டும் வறண்ட களிமண் மேடுகள் இன்னொன்று. ஆங்கிலத்தில் பேட்லாண்ட்ஸ் என்பார்கள். அரிசோனாவில் இரண்டும் உண்டு. நியூ மெக்சிக்கோவில் உள்ள பிஸ்டையில் மேடுதான் அரசன், மரம் இடைக்கிடை. தமிழ்நாட்டுத் திருவக்கரையில் மரம் மட்டும் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அரிசோனாவின் பெற்றிஃபைட் ஃபொரெஸ்ட் தேசியப் பூங்கா ஹோல்புரூக் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1906இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்; 1962இல் தேசியப் பூங்கா ஆனது. பூங்காவை ஊடறுத்து 45 கிலோமீற்றர் நீளத்துக்குத் தார் வீதி. வீதியோரம் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் அரை மணி, ஒரு மணி நேரம் நடக்கலாம். சிறு பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு இல்லை.

இந்த மரங்கள் அங்கே நின்று அங்கேயே கல்லானவை என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மாரியில் மகாவலி பெருக்கெடுத்தால் மூதூர்ப் பக்கம் கொட்டியாற்றுக் குடாவில் என்ன ஒதுங்கும்? கிளை முறிந்து, பட்டை உரிந்து, வேர் தேய்ந்த மொட்டை மரங்கள். 20 கோடிக்கும் அதிகமான வருடங்களுக்கு முன்பு அங்கேயும் நடந்தது அதுதான். அப்போது அந்த நிலம் பூமத்திய ரேகைக்கு இன்னும் கிட்ட இருந்தது. பெரிய ஆறுகள் ஓடின. ஆறு அடித்துக்கொண்டு வந்த மரங்கள் சேற்றிலும் எரிமலைச் சாம்பலிலும் புதைந்தன. காற்றுப் படாததால் உக்கவில்லை. சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா நிலத்தடி நீரோடு மரத்துக்குள் ஊறி, மெல்ல மெல்ல மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று தட்டிப் பார்த்தால் குவார்ட்ஸ் என்கிற கண்ணாடிக் கல். சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்த நிறம். ஊதாவும் கறுப்பும் பெரும்பாலும் மங்கனீசு.

அடிமரங்கள் எல்லாம் மரக்காலையில் அறுத்து அடுக்கியதுபோலத் துண்டு துண்டாகக் கிடக்கும். யார் அறுத்தது என்று நானும் கேட்டேன். யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் வளையாது. புதைந்த பிறகு நிலம் மேலெழுந்தபோது சோக்குக் கட்டி மாதிரி குறுக்கே முறிந்தது, அவ்வளவுதான். அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருக்கிற 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்' என்ற ஒற்றை மரம் 10 மீற்றருக்கும் சற்று அதிக நீளம், எடை 44 தொன். ஒரு பள்ளத்துக்குக் குறுக்கே பாலமாகக் கிடக்கிற இன்னொரு மரத்துக்கு 1917இல் கொங்கிரீட் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து நல்லெண்ணம், பார்க்க அசிங்கம்.

மரம் பார்க்க கிறிஸ்டல் ஃபொரெஸ்ட், லோங் லொக்ஸ் என்ற இரண்டு பாதைகள் போதும். நடப்பதற்கென்று போகிறவர் ப்ளூ மேசாவில் இறங்க வேண்டும். சுற்றிவர 1.6 கிலோமீற்றர்தான். மேட்டின் விளிம்பிலிருந்து செங்குத்தாக இறங்கியதும் வெளி உலகம் மறைந்துவிடும். நீலம், சாம்பல், ஊதா, வெள்ளை என்று படை படையாக மேடுகள். புல் பூண்டு இல்லை. ஏன் இந்த நிறம் என்பதைக் கந்தளாய் வயலில் கால் வைத்தவருக்கு விளக்கவே வேண்டாம். தண்ணீர் நிற்கிற வயல் சேறு கருநீலமாக இருக்கும், காய்ந்த வரம்பு மண் சிவந்திருக்கும். பழைய சதுப்பு நீலமாகவும், காற்றுப்பட்டுக் காய்ந்த பழைய நிலம் சிவப்பாகவும் உறைந்து கிடக்கின்றன. மண்ணின் மேற்பரப்பு சோளப்பொரியைக் கொட்டிப் பரப்பியது மாதிரி. எரிமலைச் சாம்பல் களிமண்ணானால் அப்படித்தான்: நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் எந்த விதையும் வேரூன்ற முடிவதில்லை.

அரிசோனாவில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. வழமையாக மாலை 5 மணிக்குக் கேற்றைப் பூட்டிவிடுவார்கள். சூரியன் சாய்ந்து நிறங்கள் எழும்புகிற நேரத்தில் ரேஞ்சர் வந்து "வெளிக்கிடுங்கள்" என்பதுபோலக் கையைக் காட்டுவார். உள்ளே இரவு தங்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு நடந்து போகிறவர்களுக்கு மட்டும் அந்தி வெளிச்சம் கிடைக்கும். மற்றவர்கள் காலையில் கேற் திறந்ததுமே நேராக ப்ளூ மேசாவுக்குப் போய்விட வேண்டும். மரங்களை வெயில் ஏறிய பிறகு பார்க்கலாம்.

கல்லை எடுக்காதீர்கள் என்பதை அங்கே போகுமிடமெல்லாம் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். 19ஆம் நூற்றாண்டில் உள்ளே இருக்கிற படிகத்துக்காக வெடி வைத்து மரங்களைத் தகர்த்தவர்கள் உண்டு. பாதுகாப்பு வந்ததே அந்தக் கொடுமையைப் பார்த்துத்தான். களவாக எடுத்துப் போனவர்கள் பலர், வீட்டில் கஷ்டம் மேல் கஷ்டம் வந்ததென்று மன்னிப்புக் கடிதத்தோடு கல்லைத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எங்கே இருந்த கல் என்று தெரியாததால் அதைப் பழைய இடத்தில் வைக்கவும் முடியாது. ஒரு ஓரமாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். 'சிவன் சொத்து குலநாசம்' என்று நம் ஆட்கள் சொல்வது அரிசோனாவரைக்கும் செல்லுபடியாகிறது.

அடுத்தது பிஸ்டை. முழுப்பெயர் பிஸ்டை டி-நா-சின். நியூ மெக்சிக்கோவின் ஃபார்மிங்டன் நகரத்துக்குத் தெற்கே, நவஹோ என்ற பழங்குடி மக்களின் நாட்டில். பெயரும் அவர்கள் மொழிதான்: முன்பாதி களிமண் மேடுகளையும் பின்பாதி கொக்கு இனப் பறவையையும் குறிக்கும். இங்கே கட்டணமில்லை, கேற் இல்லை. பாதையும் இல்லை. அல்புகர்க்கியில் இருக்கிற மருமகன் "மாமா, போனில் மேப் இருக்கு, வாங்கோ" என்று கூட்டிப் போனான். கார் நிறுத்துமிடத்திலிருந்து அகன்ற வறண்ட ஆற்றுப் படுகை ஒன்றில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். முதல் ஒரு கிலோமீற்றர் ஒன்றுமில்லை. இதற்கா இவ்வளவு தூரம் என்று முணுமுணுத்தேன். அதன் பிறகு காளான் மாதிரித் தூண்கள் தொடங்கின. மேலே கடினமான மணற்கல் தொப்பி, கீழே மழையில் தேய்ந்த களிமண் தண்டு. நிலக்கரிப் படை எப்போதோ எரிந்து, மேலே கிடந்த மண் சூளையில் வெந்த செங்கல்லாகச் சிவந்து பரவிக் கிடக்கிறது. சுமார் 3 கிலோமீற்றர் தள்ளி, ஓடு உடைந்து கிடக்கிற பெரிய முட்டைகள் போன்ற கற்கள். ஏதோ மிருகம் பொரித்துப் போட்டுவிட்டுப் போனதுபோல. படத்தில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது அந்த இடத்தைத்தான்.

கல்மரமும் உண்டு. அரிசோனாவில் வேலியோரம் நின்று பார்க்கிற கூட்டம் இருக்கும். இங்கே மேட்டைச் சுற்றித் திரும்பும்போது யாரும் எதிர்பாராமல் ஒரு முழு அடிமரம் கிடக்கும், பக்கத்தில் பெயர்ப்பலகைகூட இருக்காது. நிறம் குறைவு, பழுப்பும் மஞ்சளும்தான். வயது ஏழு கோடி வருடங்களுக்கு மேல், டைனோசர்களின் கடைசிக் காலம். இங்கே கிடைத்த கொடும்பல் டைனோசர் ஒன்றுக்கு 2010இல் இந்த இடத்தின் பெயரையே வைத்தார்கள்.

நாங்கள் திரும்பும்போது வழி தவறியது முழுக்க என் பிழை. சூரியன் மறைகிற வெளிச்சத்தில் மேடுகள் எல்லாம் பொன்னாக, இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று நின்றுவிட்டேன். மருமகனின் போனில் சார்ஜ் ஏழு வீதம். எல்லா மேடும் ஒரே மேடு. காரை நிறுத்திய இடத்தைக் குறித்து வைக்கவில்லை. ஆற்றுப் படுகையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்து, ஒன்றரை மணி நேரம் கழித்துக் காரின் கண்ணாடியில் நிலா மின்னியபோதுதான் மூச்சு வந்தது. ஆனால் அந்த நிலா வெளிச்சத்து நடை, சொல்லக்கூடாது, அந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த பகுதி.

வெயில் பற்றி. கச்சான் என்கிற வறண்ட கோடைக் காற்றில் வளர்ந்த நமக்கு வெயில் புதிதல்ல என்று நினைப்போம். அந்த வெயிலின் குணம் வேறு. இங்கே வேர்வை வழிந்து உடம்பு எச்சரிக்கும். அங்கே வேர்வை வந்த கையோடு காய்ந்துவிடுவதால் தாகம் எடுக்கும்போதே நாம் பிந்திவிட்டோம். இரண்டு இடமும் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீற்றருக்கு மேலே. கடலோரத்துக்காரருக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அங்கேயும் ஒரு பருவமழை உண்டு, பின்னேரங்களில் இடியோடு கொட்டும். அப்போது பிஸ்டைப் பக்கமே போகக்கூடாது: களிமண் சவர்க்காரம் மாதிரி வழுக்கும், மண் வீதியில் கார் புதையும். ஒக்டோபர் நல்லது. பனிக்காலத்தில் போனால் இரவில் தண்ணீர்ப் போத்தலே உறையும்.

வடக்கு டகோட்டாவிலும் ஒரு கல்மரக் காடு இருக்கிறது, தியோடர் ரூஸ்வெல்ட் பெயரில் அமைந்த பூங்காவில். சுற்றிவர 16 கிலோமீற்றருக்கு மேல் நடை, வழியில் காட்டெருமைகள். பீனிக்ஸிலிருந்து போகிறவருக்கு அது கொழும்புக்குப் போகிற வழியில் டில்லியைப் பார்ப்பது மாதிரி. விடுங்கள்.

திருவக்கரைக்கு வருவோம். விழுப்புரம் மாவட்டம், புதுச்சேரியிலிருந்து பஸ்ஸிலேயே போகலாம். திருவண்ணாமலைக்குப் போன பயணத்தில் வழியில் இறங்கினேன். 1781இல் பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொனெரா இந்தக் கல்மரங்களைப் பற்றி எழுதிவைத்தார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை வேலி போட்டுக் காக்கிறது. வயது சுமார் 2 கோடி. இங்கேயும் வெள்ளம் கொண்டுவந்து போட்ட மரங்கள்தான். கிளையும் வேரும் இல்லை. பாலைவனம் கிடையாது, செம்மண் ஓடைகளும் முட்பற்றைகளும்தான். நடை என்றால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நிறமும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் அரிசோனாவில் எனக்குக் கிடைக்காத ஒன்று இங்கே கிடைத்தது. அங்கே நிறத்தில் மயங்கி அது மரம் என்பதையே மறந்துவிடுவேன். திருவக்கரையில் குனிந்து பார்த்தால் ஆண்டு வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது. காய்ந்த விறகுதான் என்று நினைத்துத் தூக்கப் போகிற அளவுக்கு மரம். ஆய்வாளர்கள் புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவற்றையும் இங்கே அடையாளம் கண்டிருக்கிறார்கள். நம் முற்றத்து மரத்தின் தூரத்துச் சொந்தம். பக்கத்திலேயே வக்கிரகாளி அம்மன் கோயில், சம்பந்தர் பாடிய தலம். அம்மாவைக் கூட்டிப் போனால் அவர் கோயிலில் இருக்கும் நேரத்தில் நீங்கள் மரத்தைப் பார்த்து முடித்துவிடலாம்.

செலவைச் சொல்லவே தேவையில்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிற காலமென்றால் விமானம்கூட வேண்டாம். இந்தக் கல்மரத்துக்காக மட்டும் யாராவது அமெரிக்க விசாவுக்கு அலைந்தால் நான் மறிப்பேன். திருவக்கரைக்குப் போ என்பேன். ஏற்கெனவே அமெரிக்கா போகிறவர் கதை வேறு.

தம்பிக்கு நான் சொன்னது இது. அக்காவும் அத்தானும் பிள்ளைகளும் கூட வந்தால் அரிசோனா, விடிய வெளிக்கிட்டு, இரவு ஹோல்புரூக்கில் தங்கல். தனியாகவோ நடக்கக்கூடிய ஒருவரோடோ போகக் கிடைத்தால், அடுத்த நாள் காலப் நகர் வழியாக வடக்கே ஏறிப் பிஸ்டை; மணிக்கூட்டைக் கவனி, கோடையில் நியூ மெக்சிக்கோ ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஒரு நாள்தான் என்றால் பிஸ்டையைத் தொடாதே, எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மருமகன்ர நம்பரைத் தாங்கோ அண்ணை" என்றான். கொடுத்தேன். கச்சான் சுற்றிவந்த தாளின் பின்பக்கத்தில் இதையும் எழுதிக் கொடுத்தேன்: ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் தண்ணீர், அகன்ற தொப்பி, பிடிமானமுள்ள சப்பாத்து, போனில் முழுச் சார்ஜ், கார் நிறுத்திய இடம்.