மலைக்குப் போகும் முன் பாரிமுனை: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ கிளம்பும் வடசென்னைக்காரர்கள் ட்ரெக்கிங் சாமானுக்காக ஊரின் மறுகோடி வரை அலைய வேண்டியதில்லை. தேவைப்படுவதில் பாதிக்கு மேல் பாரிமுனையிலும் காசிமேட்டிலும் கிடைக்கிறது. படகுக்கும் லாரிக்கும் கட்டட வேலைக்கும் என்று வந்து இறங்கும் சரக்கு இது. தினமும் உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் அடிபடும் வேலைக்கு ஏற்ற பொருள், நாலு நாள் மலை மழையைத் தாங்கிவிடும். ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். நனையாமல் காப்பது, கட்டி வைப்பது, வெளிச்சம் தருவது, இவற்றை இங்கேயே வாங்கலாம். உங்கள் உடம்பின் பாரம் எதில் தொங்கப்போகிறதோ, அதை மட்டும் இங்கே வாங்கக்கூடாது.

கயிற்றிலிருந்தே தொடங்கலாம், தவறு அதிகம் நடப்பது அங்கேதான். காசிமேடு துறைமுகத்தை ஒட்டிய கயிற்றுக் கடைகளில் "எதுக்குண்ணா, போட்டுக்கா, லாரிக்கா?" என்றுதான் கேட்பார்கள். "தார்ப்பாய் இழுத்துக் கட்ட" என்று சொன்னால் சரியான கயிறு வரும். பெரும்பாலும் மூன்று புரி முறுக்கிய பாலிபுரொப்பிலீன் கயிறு. எடை போட்டுத்தான் விற்பார்கள். 6 மி.மீ. கயிறு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 55 முதல் 60 மீட்டர் வரும். ஒரு தார்ப்பாய்க்கு 20 மீட்டர் தாராளம், ஆகவே மூன்று பேர் சேர்ந்து ஒரு கிலோ வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். வெட்டிய முனையை அங்கேயே தீயில் காட்டி உருக்கி வாங்குங்கள், இல்லாவிட்டால் வீடு வருவதற்குள் புரி பிரிந்துவிடும். இந்தக் கயிறு வழுக்கும். முடிச்சுப் போட்டபின் வால் ஒரு சாண் நீளமாவது மிச்சம் இருக்கட்டும். கடை வாசலில் மாதக்கணக்கில் வெயில் தின்ற சுருளைத் தவிர்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் தூளாக உதிரும் கயிறு காற்றுக்கு அறுந்துவிடும்.

இதே கயிற்றைப் பாறையில் இறங்கப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. மலையேற்றக் கயிறு முற்றிலும் வேறு. நைலான் இழைக்கற்றைகள் உள்ளே இருக்க, மேலே பின்னல் உறை போட்டது. விழும்போது நீண்டு கொடுத்து, அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே செய்தது, இ.என். 892 என்ற ஐரோப்பியத் தர எண் அதைக் குறிக்கும். கயிற்றில் இறங்கும் ராப்பெல்லிங்குக்கு அவ்வளவாக நீளாத இ.என். 1891 கயிறு உண்டு. பாலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 165 டிகிரி செல்சியஸில் உருகும். இறங்கும்போது உராய்வில் சூடேறும் உலோகக் கருவியில் அது மேலே இளகிப் பிடிப்பு விடும். படகை எவ்வளவு கனமாக இழுத்தாலும் அது இழுக்கும் வேலை. விழும் மனிதனைத் தாங்குவது வேறு வேலை.

லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெருப் பக்கத்து சேஃப்டி சாமான் கடைகளில் பெல்ட்டும் ஹெல்மெட்டும் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. ஐ.எஸ். 3521 முத்திரையுள்ள முழு உடல் பெல்ட், சாரத்தில் நின்று வேலை செய்பவருக்கு உயிர்க்காப்பு. ஆனால் அதன் முக்கிய வளையம் முதுகுப் பக்கம் இருக்கிறது. பாறையில் இறங்குபவருக்கு வளையம் இடுப்புக்கு முன்னால் வேண்டும், அதுதான் இ.என். 12277 வகை. கட்டடத் தலைக்கவசமும் அப்படித்தான், மேலிருந்து விழும் கல்லுக்குச் சரி. ஆள் சறுக்கி உருளும்போது தலையிலேயே நிற்க, தாடைப் பட்டை உறுதியான மலையேற்றக் கவசம் வேண்டும். சாவிக்கொத்து வளையம்போல் வண்ண வண்ணமாகத் தொங்கும் கொக்கிகளைத் தண்ணீர் பாட்டில் மாட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான கேரபினரின், அதாவது கயிற்றை மாட்டும் மலையேற்றக் கொக்கியின், உடம்பிலேயே தாங்கும் பலத்தின் எண் பொறித்திருக்கும், நீளவாக்கில் பொதுவாக 20 கிலோநியூட்டனுக்குக் குறையாது. எண் இல்லாவிட்டால் அது கேரபினர் இல்லை.

அதனால் உங்களைக் கயிற்றில் இறக்கும் குழுவினரிடமே இவற்றை வாங்கி அணியுங்கள், ஆனால் கையில் எடுத்துப் பாருங்கள். பெல்ட்டின் தையலில் நூல் பிரிந்திருக்கிறதா, தயாரித்த ஆண்டு லேபிளில் படிக்க முடிகிறதா, கயிற்றை விரலிடுக்கில் ஓடவிட்டால் எங்காவது மெத்தென்று பள்ளம் தட்டுகிறதா? லேபிளே இல்லாத பெல்ட்டைப் போடச் சொன்னால் மறுத்துவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இனி தார்ப்பாய். இதில் பாரிமுனையை மிஞ்ச முடியாது. அளவும் ஜி.எஸ்.எம். எண்ணும் (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது) சொல்லிக் கேளுங்கள். 12க்கு 9 அடி என்றால் ஏறத்தாழ 10 சதுர மீட்டர். 120 ஜி.எஸ்.எம். தார்ப்பாய் 1.2 கிலோ, 200 ஜி.எஸ்.எம். 2 கிலோ இருக்க வேண்டும். கடைத் தராசில் வைத்தாலே சொன்ன எண் உண்மையா என்று தெரிந்துவிடும். முதுகில் சுமக்க 120 போதும். "கட் சைஸா, ஃபினிஷ் சைஸா?" என்றும் கேட்க வேண்டும். கட் சைஸ் என்றால் ஓரம் மடித்துத் தைத்தபின் சில அங்குலம் குறையும். ஓர மடிப்புக்குள் கயிறு ஓடியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஓடாவிட்டால் முதல் பலத்த காற்றிலேயே ஐலெட், அதாவது கயிறு கோக்கும் ஓர வளையம், பிய்த்துக்கொண்டு வரும். காப்புக்காட்டுக்குள் இஷ்டம்போல் தார்ப்பாய் கட்டித் தங்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேரை இழந்தபின் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம்.

மழைக்கோட்டில் காசிமேட்டுச் சரக்கு பாதிதான் உதவும். கனமான பி.வி.சி. கோட்டில் ஒரு சொட்டு இறங்காது. ஆனால் ஏற்றத்தில் அரை மணி நடந்தால் உள்ளே வியர்வை வடிந்து சட்டை நனைந்துவிடும், நின்றதும் குளிர் பிடிக்கும். நடக்க, பையையும் சேர்த்து மூடும் பொன்ச்சோ மேல். எதை வாங்கினாலும் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாருங்கள். மேலே டேப் ஒட்டாத வெறும் தையல் என்றால் தோளில்தான் முதலில் ஒழுகும்.

அட்டைக்கடிக்கு வண்ணாரப்பேட்டைத் தையற்காரர்களே மருந்து. தென்மேற்குப் பருவமழையில் ஆனைமலைப் பக்கம் நடப்பவருக்கு முழங்கால் வரை வரும் துணி உறை அவசியம். 36 அங்குல அகலத் துணி ஒரு மீட்டர் வாங்கினால் ஒரு ஜோடிக்குச் சரியாக வரும்: 50க்கு 40 செ.மீ. துண்டுகள் நான்கு, காலுக்கு இரண்டு. நெருக்கமாக நெய்த பாப்ளின் எடுங்கள். காடாத் துணியின் இடைவெளியில் சின்ன அட்டை நுழைந்துவிடும். வெளிர் நிறமாக இருந்தால் ஏறுவது கண்ணில் படும். தையல் வெளிப்பக்கம் வரவேண்டும் என்று இரண்டு முறை சொல்லுங்கள். உள்ளே வந்தால் குதிகாலில் உரசிக் கொப்புளம் போடும். முழங்காலுக்குக் கீழே நாடா. சாதாரண சாக்ஸுக்கு மேல், பேண்ட்டை உள்ளே விட்டு, ஷூவுக்குள் போட வேண்டும். அப்படியும் கடித்துவிட்டால் தீயோ உப்போ வேண்டாம், அட்டை வயிற்றிலிருப்பதைக் காயத்தில் கக்கும். நகத்தால் மெல்லிய முனையைப் பக்கவாட்டில் நெம்புங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் கசியும், துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

பர்மா பஜாரில் கிடைக்கும், தலையில் மாட்டும் ஹெட்லைட்டில் விளக்கு பரவாயில்லை, பேட்டரி செல்தான் ஏமாற்றும். 18650 வகை லித்தியம் செல்லில் கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் பொய். இந்த அளவில் நல்ல செல்லே 3500 அருகில்தான் வரும். நல்ல செல்லின் எடை ஏறத்தாழ 45 கிராம், போலி பல சமயம் 30 கிராம்கூட இருக்காது. கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். மலையில் கரண்ட் நிச்சயமில்லை என்றால் பென்சில் பேட்டரியில் எரியும் விளக்கே நல்லது, எந்தப் பெட்டிக்கடையிலும் பேட்டரி கிடைக்கும்.

ஷூவுக்கு சென்ட்ரல் தாண்டிப் பெரியமேடு. ஏற்றுமதியில் மிஞ்சிய நல்ல தோல் ஷூக்கள் மலிவாகக் கிடைக்கும். ஒரே பயம் பழைய ஸ்டாக். பாலியூரிதேன் அடிப்பாகம் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்தால், ஒருநாள்கூடப் போடாமலேயே உள்ளுக்குள் நொறுங்கிப் போகும். மேல்தோல் புதிதாகப் பளபளக்கும், காட்டில் இரண்டாம் மணி நேரத்தில் அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று விழும். கட்டைவிரல் நகத்தால் அடிப்பாகத்தின் ஓரத்தை அழுத்துங்கள். ரப்பர்போல் எழும்பி வந்தால் நல்லது. நகக்குழி அப்படியே நின்றாலோ, மடக்கும்போது மாவுபோல் உதிர்ந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். ஷூ நாக்கின் உள்பக்க லேபிளில் தயாரித்த மாதமும் ஆண்டும் பல சமயம் இருக்கும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, மலைக்குப் போடும் சாக்ஸோடும் அட்டை உறையோடும் போட்டுப் பாருங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இறக்கத்தில் நகம் கறுக்காமல் காப்பது அந்த இடம்தான். வாங்கியதும் இரண்டு வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பழக்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாரிமுனைத் தெருக்கள் பெரும்பாலும் அடைத்திருக்கும். வார நாளில் ஹைகோர்ட் அல்லது மண்ணடி மெட்ரோவில் இறங்கினால் எல்லாத் தெருவும் நடை தூரம், பைக்கை நிறுத்தத்தான் இடம் கிடைக்காது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் இரண்டையும் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை நீலகிரி சோதனைச் சாவடியிலேயே எடுத்துக்கொள்வார்கள்.