வீராணம் ஏரிக்கரை சைக்கிள் ரூட்: சுத்தி வராதீங்க, போய்ட்டு திரும்புங்க

கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியை சைக்கிள்ல ஒரு ரவுண்டு அடிக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, முதல்லயே சொல்லிடுறேன், ரவுண்டு வேணாம். கிழக்குக் கரையை ஒட்டி லால்பேட்டைல இருந்து வடக்கே சேத்தியாத்தோப்பு வரைக்கும் ஒரு ரோடு போகுது, அதுல போய்ட்டு அதே வழியா திரும்புங்க. ரோடு பைக் (மெல்லிசு டயர் போட்ட வேக சைக்கிள்) வச்சிருக்கவங்களுக்கு டெல்டா பக்கம் இதை விட நல்ல ரூட் எனக்குத் தெரிஞ்சு இல்ல. மேற்குப் பக்கத்தையும் சேர்த்து முழு வட்டம் போட்டாதான், போன வழியைப் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்ல படம் அழகா வரும்னு ஆசைப்பட்டீங்கன்னா அது உங்க இஷ்டம், ஆனா அந்தப் பாதிக்கு நான் அஞ்சுக்கு ஒண்ணரைக்கு மேல குடுக்க மாட்டேன், கரை ரோட்டுக்கு நாலரை.

ஏன் நாலரைன்னா சொல்றேன். இது ஏதோ மழைத்தண்ணி தேங்கி நின்ன குளம் இல்ல, முதலாம் பராந்தக சோழன் காலத்துல, அதாவது பத்தாம் நூற்றாண்டுல, ஆளை வச்சு மண்ணு கொட்டி எழுப்பின கரை. அவரோட மகன் ராஜாதித்தன் படையை வச்சு வெட்டினதுன்னு சொல்வாங்க. பராந்தகனுக்கு வீரநாராயணன்னு ஒரு பட்டம் இருந்துச்சு, ஏரிக்கும் பக்கத்து ஊர்ப் பெருமாளுக்கும் அந்தப் பேருதான். நிலம் மேற்குல இருந்து கிழக்கா சரியுது, அதனால தண்ணியைத் தடுக்க கிழக்குப் பக்கம்தான் பெரிய கரை. வடக்கு பாத்து மிதிச்சா இடது கைப்பக்கம் கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தண்ணி, வலது கைப்பக்கம் பாத்தா வயல் எல்லாம் நம்மை விட கீழ இருக்கும், நடுவுல அங்கங்க மதகு, மதகுல இருந்து கிளம்பி வயலுக்கு ஓடுற வாய்க்கால். நாம மிதிக்கிறதே ஆயிரம் வருஷத்து சின்னத்து மேலதான், இதுக்கு டிக்கெட்டும் இல்ல கேட்டும் இல்ல. (பொன்னியின் செல்வன் கதைல குதிரைல இந்தக் கரையில வந்த கதாநாயகன் வந்தியத்தேவனைப் பத்தி நான் பேசப்போறதில்ல, தமிழ்நாட்டுல எல்லாரும் பேசி முடிச்சாச்சு.)

இன்னொரு விஷயம், பேப்பர்ல மழைக்காலம் வந்தா "வீராணம் நீர்மட்டம் 47.50 அடியை எட்டியது"ன்னு போடுவான், அதைப் பாத்துட்டு ஏரி 47 அடி ஆழம்னு நினைச்சுக்காதீங்க, அது கடல் மட்டத்துல இருந்து கணக்கு. முழுசா ரொம்பினா 1,465 மில்லியன் கன அடி, ஆனா பரப்பு பெருசுங்கிறதால ஆழம் ரொம்ப கம்மி. அதனாலதான் வெயில் காலத்துல சட்டுனு வத்தி சேறும் புல்லுமா கிடக்கும், மே மாசம் போய்ட்டு "ஏரி எங்க சார்"னு கேட்டா நான் பொறுப்பில்ல. இதுக்கு சொந்தமா பெரிய ஆறு கிடையாது, கொள்ளிடத்துல கீழணைல தடுத்து வடவாறு வழியா கொண்டு வர்ற தண்ணி, கூட மழைத்தண்ணி. ஜூன்ல மேட்டூர் தொறந்து அது கீழணைக்கு வந்து அப்புறம் இங்க வரணும். நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் போனீங்கன்னா தண்ணியும் இருக்கும், நாரை நீர்க்காகம் கூட்டமும் இருக்கும், வெயிலும் மண்டையைப் பிளக்காது.

காத்து. டெல்டால ஏத்தம் எறக்கம் கிடையாது, அதனால காத்துதான் மலை. வடகிழக்குப் பருவக் காத்து அடிக்கிற மாசங்கள்ல லால்பேட்டைக்குப் பக்கத்து ஊரான காட்டுமன்னார்கோயில்ல இருந்து கிளம்பி முதல்ல வடக்கே போங்க, போறப்ப மூஞ்சில அடிக்கும், கரை மேல மறைக்க ஒண்ணும் இல்ல, நாலு பேரா போனா மாத்தி மாத்தி முன்னாடி இழுத்துக்கலாம், திரும்புறப்ப அதே காத்து முதுகுல தள்ளும், கால் களைச்ச நேரத்துல அது பெரிய உதவி. சேத்தியாத்தோப்புல ஆரம்பிச்சீங்கன்னா இது அப்படியே தலைகீழ், ஜாலியா தெற்கே பறந்து வந்துட்டு வெயில் ஏறுனப்புறம் எதிர்க்காத்துல அழுதுக்கிட்டு திரும்பணும்.

ரோடு தரம் பரவாயில்ல. ஒரே சீரா இருக்குன்னு சொல்ல மாட்டேன், நல்ல தார் வரும், திடீர்னு ஒட்டுப்போட்ட பேட்ச் வரும், மதகு பக்கம் வேலை நடந்தா ஜல்லி கிடக்கும். 25 மில்லிமீட்டர் அகல டயர்ல ஓட்டலாம், ஆனா 28 போட்டு காத்தை கொஞ்சம் கம்மியா வச்சா உடம்புக்கு நல்லது. நிஜ எதிரி சீமைக்கருவேல முள்ளு, ரோட்டோரம் வெட்டிப் போட்டிருப்பாங்க, காஞ்ச முள்ளு கண்ணுக்கே தெரியாது, டியூப்லெஸ் போட்டு, ஓட்டையைத் தானா அடைக்கிற சீலன்ட் ஊத்தியிருந்தா நிம்மதி, இல்லன்னா ஸ்பேர் டியூப் ரெண்டும் பம்பும் கட்டாயம், ஏன்னா வழியில இருக்குற பஞ்சர் கடைல, ரோடு பைக் டியூப்ல இருக்குற மெல்லிசு பிரெஸ்டா வால்வுக்கு அடாப்டர் இருக்கும்னு நம்பி கிளம்பக்கூடாது. கரும்பு வெட்டுற சீசன்ல டிராக்டர் ரெண்டு ட்ரெய்லரை இழுத்துட்டு ஆடி ஆடி வரும், அதை ஓவர்டேக் பண்ணும்போது எதிர்ல பஸ் வருதான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துக்கோங்க.

வடக்கு முனைல பூதங்குடி பக்கம் வெள்ளாத்துக்கு உபரி தண்ணி விடுற மதகு இருக்கு. சென்னைக்காரங்க இங்க ஒரு நிமிஷம் நின்னு பாக்கலாம், 2004ல இருந்து அவங்க வீட்டுக் குழாய்க்கு இந்தத் தண்ணியும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல குழாய்லயே போகுது. சேத்தியாத்தோப்புல டீ, டிபன் எல்லாம் கிடைக்கும், அதுக்கு மேல அங்க வேலை இல்ல, வண்டியைத் திருப்புங்க.

திருப்பாம மேற்கே போனா என்ன ஆகும்? சோழத்தரம் வழியா மீன்சுருட்டி போற கும்பகோணம் நேஷனல் ஹைவே. லாரி, ஆம்னி பஸ், வருஷக்கணக்கா இழுத்த நாலு வழிச்சாலை வேலை. ஏரி கண்ணுலயே படாது, அந்தப் பக்கம் உயரக் கரை இல்லாததால தண்ணி எங்க முடியுது வயல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாத நிலம், உள்ள போற கிராமத்து ரோடெல்லாம் ரோடு பைக்குக்கு லாயக்கில்ல. மண் ரோட்டுக்குன்னே தடிச்ச டயரோட வர்ற எம்டிபி, கிராவல் சைக்கிள் வச்சிருந்தா வேற கதை.

சரி, பாக்க வேண்டிய இடங்கள். எல்லாமே தெற்கு முனைலதான் குவிஞ்சு கிடக்கு, நான் போய்ட்டு திரும்புங்கன்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம். காட்டுமன்னார்கோயில்ல வீரநாராயணப் பெருமாள் கோயில், ஆழ்வார் பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனி பிறந்த ஊர் இது, அவர் பேரன் ஆளவந்தாருக்கும் இதான் ஊர். ஆனா என்னைக் கேட்டா அதே ஊர்ல உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலை விடவே கூடாது. ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்னவங்கன்னு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு பேர் போட்டு, அவங்க சொந்தக்காரங்க வரைக்கும் சொத்தைப் பறிச்ச கதையைச் சொல்ற ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு அங்க சுவர்லயே இருக்கு. யார் பின்னாடி இருந்து செஞ்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை போடுறாங்களே, அந்த சண்டைக்கு மூல ஆவணம் இந்தக் கல்லுதான். கோயில்ல இருக்குறவங்ககிட்ட கேட்டா எந்த இடம்னு கை காட்டுவாங்க, எழுத்து படிக்கத் தெரியாட்டியும் போய் பாருங்க.

அங்க இருந்து ஆறேழு கிலோமீட்டர்ல மேலக்கடம்பூர். அப்பர் பதிகம் பாடின தலம், இப்ப நிக்குற கற்கோயில் முதலாம் குலோத்துங்கன் காலத்தது. கருவறையையே சக்கரம் வச்ச தேர் மாதிரி செதுக்கியிருக்கான், அளவுல சின்னது, வேலைப்பாடுல பெரிய கோயிலையெல்லாம் தூக்கி சாப்பிட்டுடும். நந்தி மேல ஆடுற பத்துக் கை நடராஜர் செப்புத்திருமேனி ஒண்ணு இந்தக் கோயிலுக்கு உண்டு, வங்காளத்தை ஆண்ட பால வம்சத்துப் பாணி, ஆனா பாதுகாப்பு கருதி வெளிய எடுக்குறது அபூர்வம், அதை நம்பிப் போகாதீங்க. போற ரோடு சின்னது, வாய்க்காலும் வயலுமா, டிராபிக்கே இல்ல. கரை ரோட்டுக்கு அடுத்து எனக்கு இந்தத் துண்டுதான் புடிச்சது.

கங்கைகொண்ட சோழபுரத்தை இதே நாள்ல சேக்கலாமா? கிலோமீட்டர் கணக்குல சேக்கலாம், காட்டுமன்னார்கோயில்ல இருந்து இருபதுக்குள்ளதான். ஆனா மீன்சுருட்டி வழியா மெயின் ரோடு, அதை விட முக்கியம் மனசு. கரைல காத்தோட மல்லுக்கட்டிட்டு வந்து அந்தக் கோயிலை அரை மணி நேரத்துல பாத்துட்டு கிளம்புறது பாவம். வேற நாள் வச்சுக்கோங்க. ராஜேந்திரன் கட்டின தலைநகரம், கிட்டத்தட்ட 250 வருஷம் சோழ ராஜ்யமே அங்க இருந்துதான் நடந்துச்சு, 2004ல தாராசுரத்தோட சேத்து யுனெஸ்கோ பட்டியல்ல வந்துச்சு. விமானம் தஞ்சாவூரை விட கொஞ்சம் குட்டை, அங்க கோடு நேரா ஏறும், இங்க வளைஞ்சு ஏறும். வடக்கு வாசப்படி பக்கம் சிவன் சண்டேசருக்குத் தலையில பூமாலை சுத்துற சிற்பம், அது முன்னாடி நின்னா நேரம் போறதே தெரியாது. மாளிகைமேட்டுல அரண்மனையோட செங்கல் அடித்தளத்தைத் தோண்டி வச்சிருக்காங்க, பக்கத்துல ராஜேந்திரன் வெட்டின சோழகங்கம்ங்கிற பொன்னேரி.

நேரம் இருந்தா அப்படியே அணைக்கரைக்கும் ஒரு மிதி. 1836ல ஆர்தர் காட்டன் கட்டின கீழணை. வீராணத்துக்குத் தண்ணி கிளம்புற இடமே இதான். இந்த அணைக்கு கல்லு வேணும்னு கங்கைகொண்ட சோழபுரத்து மதில் சுவரை இடிச்சு எடுத்துட்டுப் போனாங்க, கோயிலைச் சுத்தி மதில் ஏன் மொட்டையா இருக்குன்னு அங்க யோசிச்சீங்கன்னா பதில் இங்க தண்ணிக்குள்ள இருக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்டு ரெண்டையும் ஒரே நாள்ல பாருங்க, வயிறு எரியும்.

கோயில் எல்லாம் மத்தியானம் பன்னெண்டு வாக்குல சாத்திட்டு நாலு மணிக்குதான் தொறப்பாங்க. அதனால விடியறதுக்குள்ள கிளம்பி கரை ரோட்டை முடிச்சிட்டு, பத்து மணிக்குள்ள காட்டுமன்னார்கோயில் திரும்பிட்டா கோயிலுக்கு நேரம் சரியா இருக்கும். தங்குறதுக்கு சிதம்பரம்தான் வசதி, ரயில்ல சைக்கிளைக் கொண்டு வந்து இறக்கிடலாம், அங்க இருந்து காட்டுமன்னார்கோயிலுக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டர் பக்கம். லைக்ரா ஷார்ட்ஸோட சந்நிதிக்குப் போறது நல்லா இருக்காது, மடிச்சு ஜெர்சி பாக்கெட்ல வைக்கிற மாதிரி மெல்லிசு வேட்டி ஒண்ணு எடுத்துக்கோங்க. பெடல்ல மாட்டுற க்ளீட் ஷூவைக் கழட்டினா பதினொரு மணி கல்லுத்தரை காலைச் சுடும், சாக்ஸை மட்டும் கழட்டாதீங்க, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. பூட்டு கண்டிப்பா வேணும்.

அப்புறம் தண்ணி. ஏரி முழுக்க தண்ணி, ஆனா கரை மேல குடிக்க தண்ணி விக்கிற கடை குறைவு. ரெண்டு பாட்டிலை லால்பேட்டைலயே ரொப்பிடுங்க. அது முஸ்லிம்கள் அதிகம் இருக்குற ஊர், பழைய அரபிக் கல்லூரி இருக்கு, காலைல சீக்கிரமே கடை தொறந்துடும், டீ நல்லா இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைத்தெரு நெரிசலா இருக்கும், அந்த நேரத்தை மட்டும் தவிர்த்துடுங்க. தை மாசம் போறவங்க ஒண்ணு கவனிக்கணும், சம்பா அறுவடை முடிஞ்சு ரோட்டுல பாதிக்கு நெல்லு காயப்போட்டிருப்பாங்க, வேகம் குறையுதேன்னு அதுமேல ஏத்திடாதீங்க, இறங்கி தள்ளிட்டுப் போனாலும் அஞ்சு நிமிஷம்தான் ஆகும்.