ரோட்டராக்ட், லியோ, ஜேசிஐ: கல்லூரி மாணவர் எதில் சேரலாம்?

கல்லூரி திறந்த இரண்டு வாரத்துக்குள் நோட்டீஸ் போர்டு நிறைந்துவிடும். ரோட்டரி சங்கத்தின் இளைஞர் பிரிவான ரோட்டராக்ட் கிளப்பில் சேர்க்கை, அரிமா (லயன்ஸ்) சங்கத்தின் இளைஞர் பிரிவான லியோ கிளப்பில் சேர்க்கை. சில ஊர்களில் ஜேசிஐ (ஜூனியர் சேம்பர் இன்டர்நேஷனல்) என்ற இளைஞர் அமைப்புக்காரர்களே வகுப்புக்கு வந்து பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவார்கள். சேவை, தலைமைப் பண்பு, ஆளுமை வளர்ச்சி என்று மூவரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். செய்கிற வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான்: ரத்ததான முகாம், கண் பரிசோதனை, மரக்கன்று நடுதல், அரசுப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம்.

அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? என் அளவுகோல் மூன்று கேள்விகள். காசு யாருடையது? முடிவை யார் எடுக்கிறார்கள்? நிகழ்ச்சி சொதப்பினால் யார் பதில் சொல்ல வேண்டும்? மூன்றுக்கும் 'மாணவர்கள்' என்று பதில் வருகிற கிளப்பில்தான் ஒருவர் ஏதாவது கற்றுக்கொள்ள முடியும்.

கல்லூரியில் ஒரு ரத்ததான முகாம் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர், நர்ஸ், பை, ஊசி எல்லாம் ரத்த வங்கியின் பொறுப்பு. கிளப் செய்ய வேண்டியது முதல்வரிடம் அனுமதிக் கடிதம், ஒரு ஹால், கட்டில்கள், ஜூஸ், பிஸ்கட், பேனர், ரத்தம் கொடுக்க ஆட்கள். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் முதல் நாள் இரவு வரை பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் காலையில் வரமாட்டார்கள். ஹாஸ்டலில் கதவைத் தட்டி ஆள் கூட்டி வர வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பி, சாப்பிட வைத்து மறுபடி கூட்டி வர வேண்டும். முடிந்த பிறகு ஜூஸ் கடைக்காரருக்குப் பணம் கொடுத்து, பில்லை வாங்கி, கணக்கை எழுத வேண்டும். பயிற்சி என்றால் இதுதான். இதில் எவ்வளவு மாணவர் கையில் விடப்படுகிறது என்பதில்தான் மூன்று அமைப்புகளும் பிரிகின்றன.

லியோவில் சேர்வது மிக எளிது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் 1957-ல் முதல் லியோ கிளப் தொடங்கியது. இன்று 12 முதல் 18 வயது வரை ஆல்ஃபா, 18 முதல் 30 வரை ஒமேகா என்று இரண்டு பிரிவு. எந்த லியோ கிளப்புக்கும் ஓர் அரிமா சங்கம் ஸ்பான்சராக இருந்தே ஆக வேண்டும். சர்வதேச அமைப்புக்கு ஆண்டுக்கு 100 டாலர் லெவி கட்டுவதும் அந்தச் சங்கம்தான். மாணவர் கைக்காசு அதிகம் போகாது. கண் சிகிச்சையில் அரிமா சங்கங்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1925 மாநாட்டில் ஹெலன் கெல்லர் விடுத்த அழைப்பில் தொடங்கியது அது. ஊர் சங்கம் நல்ல சங்கமாக இருந்தால், கண் முகாமில் பெயர் பதிவதிலிருந்து ஆபரேஷனுக்குப் பஸ் ஏற்றி அனுப்புவது வரை லியோக்கள் கூடவே இருந்து பார்க்கலாம். இது பெரிய வாய்ப்பு.

சிக்கலும் அந்த ஸ்பான்சரிடம்தான் இருக்கிறது. லியோ அட்வைசர் (கிளப்பைக் கவனித்துக்கொள்ளும் அரிமா) ஒரு போன் போட்டால் ஜூஸ் வந்துவிடும், பேனர் வந்துவிடும், சாமியானாவும் வந்துவிடும். பையன்களுக்கு மிஞ்சுவது ஆள் சேர்க்கிற வேலையும், போட்டோவில் ஓரத்தில் நிற்கிற வேலையும். எல்லா அட்வைசரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. விலகி நிற்கத் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் அமைப்பின் கட்டுமானமே பெரியவர்களை நம்பி இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கு அது பாதுகாப்பு. இருபது வயதுக்காரருக்குக் கொஞ்சம் இறுக்கமான சட்டை.

ரோட்டராக்டும் இப்படித்தான் இருந்தது. 1968-ல் வட கரோலினாவின் சார்லட் நகரில் தொடங்கியதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு அது ரோட்டரி நடத்தும் ஒரு திட்டம், அவ்வளவுதான். 2019-ல் ரோட்டரியின் சட்டக் கவுன்சில், ரோட்டராக்ட் கிளப்புகளையும் சர்வதேச ரோட்டரியின் உறுப்பினர்களாக ஏற்றது. 2020 ஜூலை முதல் 30 வயது வரம்பு போனது. ரோட்டரி சங்கத்தின் ஸ்பான்சர் இல்லாமலே கிளப் தொடங்கலாம் என்றும் வந்தது. 2022 ஜூலையில் தலைக்கு ஆண்டுச் சந்தா வந்தது: கல்லூரி கிளப்புக்கு 5 டாலர், ஊர் கிளப்புக்கு 8 டாலர். மாணவரிடம் போய் டாலர் கணக்கில் சந்தா கேட்பதா என்று முணுமுணுத்தவர்கள் நிறைய. எனக்கு இது நல்ல மாற்றமாகத்தான் படுகிறது. காசு கட்டுகிறவருக்குத்தான் கணக்குக் கேட்க வாய் வரும். சந்தா வசூலித்து, உறுப்பினர் பட்டியலைச் சரிபார்த்து, நேரத்துக்குக் கட்ட வேண்டிய ஒரு பொருளாளர், இருபது வயதில் வேறு எங்கே இதைக் கற்றுக்கொள்வார்?

இன்னொரு பலம் ரைலா. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1959-ல் முளைத்து, 1971-ல் ரோட்டரியின் அதிகாரபூர்வத் திட்டமான இளைஞர் தலைமைப் பயிற்சி முகாம். 14 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கானது. பெரும்பாலும் ரோட்டரி சங்கங்களே செலவை ஏற்று மாணவர்களை அனுப்பும். போக ஒரு ரோட்டராக்டராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை; உள்ளூர் ரோட்டரி சங்கத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

குறை சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வயது வரம்பு போனதில், பல கிளப்புகள் சேர்ந்த ரோட்டரி 'மாவட்ட' அளவுப் பொறுப்புகளில் முப்பதைத் தாண்டியவர்களும் நிலைத்திருக்க வழி பிறந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு மாணவி அவர்களோடு போட்டியிட வேண்டும். கிளப் விரும்பினால் தனக்கென ஒரு வயது வரம்பு வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. கல்லூரி கிளப்புகள் அதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. அப்புறம் இன்ஸ்டாலேஷன், அதாவது பதவியேற்பு விழா மோகம். பொன்னாடை, மெமென்டோ, டின்னர் என்று ஜூலையிலேயே ஆண்டு பட்ஜெட் பாதி காலியான கிளப்பில் பிப்ரவரியில் என்ன ப்ராஜெக்ட் நடக்கும்?

ஜேசிஐ வேறு ரகம். 1915-ல் செயின்ட் லூயிஸில் ஹென்றி கீஸன்பியர் கூட்டிய இளைஞர் குழுவிலிருந்து வளர்ந்தது. 18 முதல் 40 வயது வரைதான் உறுப்பினர். மேலே தாய்ச் சங்கம் கிடையாது, அட்வைசர் கிடையாது. சந்தா கைக்காசு, தப்பும் கைத்தப்பு. மேடைப் பேச்சு, கூட்டம் நடத்தும் முறை, பயிற்சியாளர் பயிற்சி என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். மைக்கைப் பிடித்தால் கை நடுங்குகிறவருக்கு இந்த மூன்றில் ஜேசிஐதான் மருந்து. மற்ற இரண்டும் அதில் கிட்டே வராது. ஒரு பதவி ஒரு வருடம்தான் என்பதால் நாற்காலி நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஆனால் நம் ஊர் ஜேசிஐ கிளை ஒன்றில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஜவுளிக்கடை வைத்திருப்பவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட், பில்டர், டியூஷன் சென்டர் நடத்துபவர். பேச்சில் பாதி வியாபாரம். (விசிட்டிங் கார்டிலும் கல்யாணப் பத்திரிகையிலும் பெயருக்கு முன்னால் ஜேசி, லயன், ரொட்டேரியன் போடுவது தமிழ்நாட்டில் தனிக்கலை.) வேலையில் சேர்ந்தவருக்கு இது லாபம்தான், செமஸ்டர் கட்டணத்துக்கே வீட்டைப் பார்க்கிற மாணவருக்குச் சந்தாவும் பயண, தங்கும் செலவும் கனக்கும். காலண்டரும் ஒத்துவராது. ரோட்டரிக்கும் அரிமாவுக்கும் ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது, கல்லூரி ஆண்டோடு ஓரளவு பொருந்தும். ஜேசிஐக்கு ஜனவரி. மூன்றாம் ஆண்டில் தலைவரானவர், பதவி முடியும் முன்பே ஊரை விட்டுப் போயிருப்பார்.

நாட்டு நலப்பணித் திட்டத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்பீர்கள். 1969-லிருந்து நடக்கிற அரசுத் திட்டம், ஆண்டுக்கு 120 மணி நேரம், ஏழு நாள் கிராம முகாம். சேவை என்று பார்த்தால் அந்த ஏழு நாள் இந்த மூன்று கிளப்பின் ஒரு வருடத்துக்குச் சமமாகக்கூட இருக்கலாம். ஆனால் திட்ட அலுவலர் சொல்வதைச் செய்கிற அமைப்பு அது. தலைமை பழகும் இடமாக அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆக, பிளஸ் டூ வரை லியோ. கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டு ரோட்டராக்ட். வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்த பிறகு ஜேசிஐ. மேடை பயம் அளவுக்கு மீறி இருந்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றலாம். உள்ளூரில் அரிமா சங்கம் துடிப்பாகவும் ரோட்டரி தூங்கிக்கொண்டும் இருந்தால், யோசிக்காமல் லியோ ஒமேகாவில் சேருங்கள். ஒரு வருடமும் ஒரு நாளும் லியோவாக இருந்தவர் 35 வயது வரை லியோ-லயன் என்ற பெயரில் அரிமா சங்கத்தில் சேரலாம், சர்வதேசச் சந்தா பாதிதான்.

சேரும் முன் போன வருடச் செயலாளரைத் தேடிப் பிடித்து இரண்டே கேள்வி கேளுங்கள்: கிளப்பின் பேங்க் பாஸ்புக் யாரிடம் இருந்தது? மினிட்ஸ் புத்தகத்தை யார் எழுதினார்கள்? இரண்டுக்கும் அவர் ஒரு பெரியவரின் பெயரைச் சொன்னால், அடுத்த கிளப்பின் நோட்டீஸைப் பாருங்கள்.